மாட்டுச் சினைமுட்டையை எடுத்து ஆய்வகத்தில் முதிர வைப்பது எப்படி

ஆய்வகக் கரு உற்பத்தியைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கேட்பது விந்தணுவைப் பற்றியும் கருத்தரித்த ஏழாம் நாள் வரும் பிளாஸ்டோசிஸ்ட் என்ற கருநிலையைப் பற்றியும்தான். சினைமுட்டை எடுப்பதும் முதிர வைப்பதும் ஏதோ முன்வேலை, அதை உதவியாளர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நினைப்பு. அந்த முன்வேலையில்தான் பாதிக் கருக்கள் தோற்றுப்போகின்றன. நல்ல சினைமுட்டையை உருவாக்கும் சக்தி எந்த மீடியத்துக்கும் (முட்டையைப் போட்டு வைக்கும் சத்துக் கரைசலுக்கும்) கிடையாது, அது மாட்டின் சினைப்பைக்குள்ளேயே முடிந்துபோன விஷயம். நம் வேலை அதைக் கெடுக்காமல் விந்தணுவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். கீழே எழுதியிருப்பது முக்கியமாக மாட்டுக்கு. எருமை, ஆடு, பன்றிக்கு எங்கே மாறுகிறதோ அங்கே அங்கே சொல்கிறேன்.

சினைப்பை வந்து சேரும் வரை

கற்றுக்கொள்ளவும் மீடியம் சோதிக்கவும் இறைச்சிக்கூடச் சினைப்பைகளே போதும். செலவு குறைவு, எண்ணிக்கையும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எந்த மாடு, என்ன வயது, என்ன நோய் என்று பெரும்பாலும் தெரியாது, அதனால் இன மேம்பாட்டுக்கு இந்தக் கருக்களை நம்பக் கூடாது. அதற்கு உயிருள்ள மாட்டிலிருந்து எடுக்கும் முறை தனியாக இருக்கிறது, கடைசியில் வருகிறேன். இறைச்சிக்கூடத்தில் முறையான அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். புரூசெல்லா, க்யூ காய்ச்சல் போன்றவை இனப்பெருக்க உறுப்புகள் வழியாக மனிதருக்கு வரும், குறிப்பாகக் கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

மாடு அறுபட்டதும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சினைப்பையை வெட்டி எடுத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் கத்தரித்துவிட்டு, 0.9 சதவீதச் சலைன் நிரப்பிய தெர்மாஸ் குடுவையில் போட வேண்டும். சலைனில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் பெனிசிலினும் 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ப்பது வழக்கம். குடுவையை முன்கூட்டியே சூடு செய்து கொண்டுபோங்கள், இல்லையென்றால் உள்ளே ஊற்றிய சலைன் போகிற வழியிலேயே ஆறிவிடும்.

எந்த வெப்பநிலையில் கொண்டுவருவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாட்டுச் சினைப்பைக்கு 25 முதல் 35 டிகிரி வரை பாதகமில்லை. உடல் சூடு 38.5 தானே, அதே சூட்டில் கொண்டுவருவோம் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் ரத்த ஓட்டம் நின்ற திசு அந்தச் சூட்டில் மளமளவென்று அமிலமாகும், அதனால் பயணம் நீளும் என்றால் 25 முதல் 30 பக்கம் வைப்பதே மேல். ஐஸ் பெட்டி மட்டும் வேண்டாம். பன்றியின் சினைமுட்டையில் கொழுப்புத் துளிகள் மிக அதிகம், 15 டிகிரிக்குக் கீழே போனால் அது தாங்காது. மாட்டுக்கு அந்த அளவு பயமில்லை என்றாலும் குளிரில் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. அறுத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் ஊசியால் முட்டையை உறிஞ்ச ஆரம்பித்துவிட வேண்டும். 6 மணி நேரம் வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதன் விலை முதிர்ச்சி விகிதத்தில் தெரியாது, ஏழாம் நாள்தான் தெரியும். இதனாலேயே தூரத்து இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் நிறையச் சினைப்பைகளைவிடப் பக்கத்தில் கிடைக்கும் கொஞ்சம் மேல் என்பது என் கருத்து.

ஊசியால் உறிஞ்சுதல்

ஆய்வகம் வந்ததும் வெதுவெதுப்பான சலைனில் மூன்று முறையாவது, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். சினைப்பையின் மேல் நீர் கோத்த கொப்புளங்களாகத் தெரிபவைதான் ஃபாலிக்கிள்கள், முட்டை இருப்பது இவற்றுக்குள்தான். 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். மிகச் சிறியதில் இருக்கும் முட்டை இன்னும் வளர்ந்து முடித்திருக்காது. மாட்டில் சினைமுட்டை சுமார் 110 மைக்ரான் குறுக்களவை எட்டினால்தான் குன்றல் பிரிவை (குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல் பிரிவை) முழுதாக முடிக்கும் திறன் வரும், அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஃபாலிக்கிளில்தான் நடக்கிறது. பெரிய கட்டிகளாக இருப்பதைக் குத்தவே வேண்டாம், அதன் திரவம் மொத்தக் குழாயையும் கலங்கடிக்கும்.

18 கேஜ் ஊசி, 5 அல்லது 10 மில்லி சிரிஞ்சு போதும். சிரிஞ்சில் முதலில் அரை மில்லி மீடியம் உறிஞ்சி வைத்துக்கொள்ளுங்கள், முட்டை வறண்ட பிளாஸ்டிக்கில் போய் ஒட்டாது. எடுக்கும் மீடியத்தில் ஹெப்பஸ் (வெளிக்காற்றிலும் பிஹெச் மாறாமல் காக்கும் பொருள்) கலந்த டிசிஎம்-199 என்ற வளர்ப்பு மீடியம் அல்லது பாஸ்பேட் சலைன், அதோடு கொஞ்சம் சீரம் அல்லது ஆல்புமின், மில்லிக்கு 10 யூனிட் ஹெப்பாரின். ஹெப்பாரினை விட்டுவிட்டால் ரத்தம் உறைந்து, முட்டைகள் அந்த உறைகட்டிக்குள் சிக்கிக்கொள்ளும், பிறகு தேடிப் பிரயோசனமில்லை.

கொப்புளத்தின் மெல்லிய தோலை நேராகக் குத்தாதீர்கள், அது பிளந்து திரவம் வெளியே பீய்ச்சிவிடும், முட்டையும் அதோடு போகும். பக்கத்தில் இருக்கும் கெட்டியான சதைப்பகுதி வழியாக ஊசியை நுழைத்து, உள்ளேயிருந்து ஃபாலிக்கிளை எட்டுங்கள், ஊசியை முழுக்க வெளியே எடுக்காமலேயே அக்கம்பக்கத்து ஃபாலிக்கிள்களுக்கும் திருப்பலாம். மெதுவாக உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டு பிஸ்டனை இழுத்தால் முட்டையைச் சுற்றியிருக்கும் கியூமுலஸ் செல்கள் உரிந்துபோய் மொட்டையாக வந்து நிற்கும். வெற்றிட பம்பு வைத்திருக்கிறவர்கள் மீட்டரில் காட்டும் அழுத்தத்தை மட்டும் பார்க்காமல், நிமிடத்துக்கு எத்தனை மில்லி தண்ணீர் ஊசி வழியாக வருகிறது என்று அளந்து பாருங்கள். 15 முதல் 20 மில்லி என்றால் சரி. ஊசியின் நீளமும் துளையும் மாறினால் அதே அழுத்தம் வேறு வேகத்தைக் கொடுக்கும், அதனால்தான் ஒருவருடைய அழுத்த எண் இன்னொருவருக்கு உதவுவதில்லை. சிரிஞ்சைக் காலி செய்யும்போதும் குழாயின் சுவரோடு வழிய விடுங்கள், நுரை எழும்பக் கூடாது.

செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் சினைப்பை சின்னது, ஊசியால் உறிஞ்சினால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அதற்குப் பெட்ரி தட்டில் மீடியம் ஊற்றி, சினைப்பையைக் கிடுக்கியால் பிடித்து, பிளேடால் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு அலசுவது நல்ல முறை. எண்ணிக்கை கூடும், ஆனால் திசுக் குப்பையும் கூடும், தேடுவதற்கு நேரம் பிடிக்கும். எருமையில் சினைப்பைக்குக் கிடைக்கும் முட்டைகளே மாட்டைவிடக் குறைவு என்பதால் அங்கேயும் சிலர் கீறுவதைத்தான் விரும்புகிறார்கள்.

தேடுவதும் தரம் பிரிப்பதும்

உறிஞ்சிய திரவத்தைக் குழாயில் 10 முதல் 15 நிமிடம் அசையாமல் வைத்தால் முட்டைகள் அடியில் படிந்துவிடும். அந்தப் படிவை மட்டும் எடுத்து, அடியில் கட்டம் போட்ட தட்டில் புதிய மீடியத்தோடு பரப்பி, ஸ்டீரியோ நுண்ணோக்கியில் ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். கண் பழகிவிட்டால் குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெரியும்.

இந்தக் கட்டத்தில் முட்டைக்கு இரண்டு எதிரிகள். முதல் எதிரி வெப்பநிலை. நுண்ணோக்கியின் சூடான மேடையில் 38.5 என்று எழுத்து ஒளிர்வதால் துளிக்குள்ளும் 38.5 இருக்கிறது என்று அர்த்தமில்லை. தட்டின் அடிப்பாகம் மேடையைத் தொடாமல் விளிம்பில் மட்டும் நிற்கும் தட்டுகளில் ஓரிரு டிகிரி குறைவது சாதாரணம். மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை மீடியத்துக்குள்ளேயே விட்டு அளந்து, அதற்கேற்ப மேடையைக் கூட்டி வையுங்கள். ஏசி காற்று நேராகத் தட்டின் மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எதிரி பிஹெச். பைகார்பனேட் மீடியத்தை வெளிக்காற்றில் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய் மீடியம் காரமாகும், மீடியத்தில் பிஹெச் காட்டும் ஃபீனால் ரெட் சாயத்தின் நிறம் ஆரஞ்சுச் சிவப்பிலிருந்து ரோஜா நிறத்துக்குப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால்தான் மேசை வேலைக்கு ஹெப்பஸ் மீடியம், இன்குபேட்டருக்கு பைகார்பனேட் மீடியம். இரண்டையும் மாற்றி எடுத்துவிடாமல் இருக்கக் குப்பி மூடிக்கு வேறு வேறு நிறம் வைத்துக்கொள்வது நல்லது, சின்ன விஷயம்தான், ஆனால் உதவும்.

சரி, எதை எடுப்பது? முட்டையைச் சுற்றிக் கியூமுலஸ் செல்கள் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் இறுக்கமாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்து, முட்டைக்குள் உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசமும் ஒரே நிறமாக இருந்தால் முதல் தரம். அடுக்கு குறைவாக இருந்தாலும் முட்டையை முழுதாகச் சுற்றியிருந்தால் இரண்டாம் தரம். இந்த இரண்டும் உள்ளே போகலாம். முழுக்க மொட்டையாக இருப்பது, கியூமுலஸ் ஏற்கனவே விரிந்து கறுப்புக் கட்டிகளோடு கிடப்பது, சைட்டோபிளாசம் திட்டுத் திட்டாகச் சுருங்கியிருப்பது, ஓட்டுக்குள் வெறிச்சென்று வெளுத்திருப்பது, எல்லாம் குப்பைக்கு. கருமையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பன்றி, எருமை முட்டைகள் கொழுப்பினால் இயல்பாகவே கருமையாக இருக்கும், வெளுப்புதான் சந்தேகத்துக்குரியது.

இதில் ஒரு சுவாரசியம். கண்ணுக்கு அப்பழுக்கில்லாத முட்டைகளைவிட, கியூமுலஸின் வெளி ஓரம் லேசாக மட்டும் தளர ஆரம்பித்த, சைட்டோபிளாசத்தில் கொஞ்சம் துகள் தெரிகிற முட்டைகள் சில சமயம் நன்றாக வளர்கின்றன. ஃபாலிக்கிள் சிதையத் தொடங்கும் முதல் கட்டத்தில் முட்டைக்குள் நடக்கும் மாற்றங்கள், ஃபாலிக்கிளிலிருந்து முட்டை வெளியேறுவதற்கு முன்பு நடக்கும் தயாரிப்பை ஒத்திருப்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அதனால் லேசான தளர்வைப் பார்த்தவுடன் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் இதைச் சாக்காக வைத்து மொட்டை முட்டைகளை உள்ளே தள்ளுவது வேறு கதை. எண்ணிக்கை ஆசைதான் இந்தத் தொழிலின் பெரிய வியாதி. மட்டமான முப்பதைச் சேர்த்துப் போட்டால் கரு எண்ணிக்கை கூடாது, சதவீதம் மட்டும் சரியும், அடுத்த வாரம் எதனால் சரிந்தது என்று கண்டுபிடிக்கவும் வழியிருக்காது.

முதிர வைக்கும் மீடியம்

ஃபாலிக்கிளுக்குள் இருக்கும் முட்டை, குன்றல் பிரிவின் முதல் கட்டத்தில் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தி வைப்பது சுற்றியிருக்கும் செல்கள் அனுப்பும் சமிக்ஞைகள். வெளியே எடுத்த கணமே அந்தப் பிடி விட்டுப்போய், முட்டைக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவு இறங்கி, ஹார்மோன் இல்லாமலேயே பிரிவு தொடங்கிவிடும். முயல் முட்டைகளில் பிங்கஸ், என்ஸ்மான் என்ற ஆய்வாளர்கள் 1935இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். நமக்கு இது வசதியும்தான், சிக்கலும்தான். உட்கரு தன்பாட்டுக்கு ஓடும், ஆனால் சைட்டோபிளாசம் தேவையானதைச் சேமித்து முடிக்க நேரம் வேண்டும். உட்கரு முதிர்ந்துவிட்டது என்பதால் முட்டை முழுதாக முதிர்ந்துவிட்டது என்று ஆகாது. 1981இல் அமெரிக்காவில் பிறந்த முதல் ஆய்வகக் கருத்தரிப்புக் கன்றுகூட மாட்டின் உடலுக்குள்ளேயே முதிர்ந்த முட்டையிலிருந்து வந்ததுதான். முதிர்ச்சியையும் ஆய்வகத்தில் நடத்திக் கன்று பிறக்க வைக்க மேலும் சில வருடங்கள் ஆயின.

அடிப்படை மீடியம் எர்ல் உப்புகள் கொண்ட டிசிஎம்-199. அதில் 10 சதவீதம் கருக்கன்றுச் சீரம், 0.2 மில்லிமோலார் பைருவேட், மில்லிக்கு 50 மைக்ரோகிராம் ஜென்டாமைசின், 5 மைக்ரோகிராம் எல்ஹெச் (முட்டை முதிர்வைத் தூண்டும் ஹார்மோன்), 1 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் ஹார்மோன். ஃபாலிக்கிளைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச்சின் அளவு அது எங்கிருந்து பிரித்தெடுத்த பொருள் என்பதைப் பொறுத்து மாறும், குப்பியின் வீரியத்தைப் படித்துக் கணக்குப் போடுங்கள், இன்னொருவரின் மைக்ரோகிராமை அப்படியே நகல் எடுக்காதீர்கள். 100 மைக்ரோமோலார் சிஸ்டியமின் சேர்த்தால் முட்டைக்குள் குளுட்டதையோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் கூடும், பின்னால் கரு வளர்ச்சிக்கு உதவும், செலவும் பெரிதில்லை. எபிடெர்மல் வளர்ச்சிக் காரணியை மில்லிக்கு 10 நானோகிராம் சேர்ப்பதும் பரவலான பழக்கம், சீரம் இல்லாத மீடியத்தில் அதன் பலன் நன்றாகத் தெரியும். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே பயன்படுத்துங்கள். மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸ் சோதிக்கப்பட்ட சீரம் மட்டும் வாங்குங்கள். ஒரு தொகுதி நன்றாக வேலை செய்தால் அதே தொகுதியில் கூடுதலாக வாங்கி உறைய வையுங்கள், தொகுதிக்குத் தொகுதி சீரம் வேறு ஆள்.

ஹார்மோன்களைச் சிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வைத்து, அன்றன்றைக்கு ஒன்றை மட்டும் எடுங்கள், உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். துளிகளை மினரல் ஆயிலால் மூடும்போது எஸ்ட்ரடையால் மாதிரி ஸ்டீராய்டுகள் ஆயிலுக்குள் நழுவிப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள். எஸ்ட்ரடையாலின் பலனை ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் ஆயில் இல்லாத நான்கு குழித் தட்டுதான் சரி.

50 மைக்ரோலிட்டர் துளிக்கு 10 முட்டை, நான்கு குழித் தட்டென்றால் 500 மைக்ரோலிட்டருக்கு 30 முதல் 50 வரை. தனியாக ஒன்றிரண்டு போட்டால் நன்றாக வராது, கூட்டமாக இருந்தால்தான் ஒன்றுக்கொன்று துணை. தட்டுகளைக் குறைந்தது 2 மணி நேரம் முன்பே இன்குபேட்டரில் வைத்துச் சமப்படுத்த வேண்டும், ஆயில் மூடியிருந்தால் வாயு மெதுவாகத்தான் உள்ளே போகும், அதனால் காலையிலேயே வைத்துவிடுங்கள். முட்டைகளைக் கழுவும் மீடியத்தில் மூன்று முறையும் முதிர்ச்சி மீடியத்தில் ஒரு முறையும் கழுவி, கூடவே வரும் பழைய மீடியத்தை முடிந்தவரை குறைத்து இடம் மாற்றுங்கள்.

இன்குபேட்டர் 38.5 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நல்ல ஈரப்பதம். உண்மையில் நமக்குத் தேவை 5 என்ற எண் இல்லை, 7.2 முதல் 7.4 வரையிலான பிஹெச். மலைப்பகுதியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே சதவீதத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். தனியான வாயு அளவியால் மாதாமாதம் சரிபாருங்கள், இன்குபேட்டரின் முகப்புத் திரை சொல்வதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். உள்ளே வைத்த நேரத்தைத் தட்டின் மேலேயே எழுதுங்கள். அப்புறம் கதவைத் திறக்காதீர்கள், பார்க்க ஆவலாகத்தான் இருக்கும்.

மாட்டுக்கும் எருமைக்கும் 22 முதல் 24 மணி நேரம், செம்மறிக்கு 24, வெள்ளாட்டுக்கு 24 முதல் 27. பன்றிக்கு 40 முதல் 44 மணி நேரம், அதில் முதல் பாதி ஹார்மோனோடு, மறுபாதி ஹார்மோன் இல்லாமல்.

முதிர்ந்ததா என்று எப்படித் தெரியும்

இறுக்கமாக இருந்த கியூமுலஸ் பஞ்சு பிரித்த மாதிரி விரிந்து, தட்டை அசைத்தால் ஒட்டும் பசையோடு நகர்ந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அது சுற்றியிருக்கும் செல்களைப் பற்றிய சேதி, முட்டையைப் பற்றிய உறுதி இல்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது 20 முட்டைகளைத் தனியே எடுத்து, 0.1 சதவீத ஹையலூரோனிடேஸ் நொதியில் போட்டுச் செல்களைக் கழற்றி, போலார் பாடி (குன்றல் பிரிவில் முட்டை வெளித்தள்ளும் சிறு செல்) தெரிகிறதா என்று எண்ணுங்கள். சந்தேகம் இருந்தால் டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் ஹெக்ஸ்ட் சாயம் ஏற்றி ஃப்ளோரசன்ஸில் பாருங்கள், அந்த வசதி இல்லாத இடத்தில் அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் ஒன்றுக்கு மூன்று கலந்து நிலைப்படுத்தி, அசிட்டோ ஆர்சின் சாயம் போடலாம். நல்ல முட்டைகளை எடுத்திருந்தால் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டாம் மெட்டாஃபேஸில் (முதிர்ந்த முட்டை விந்தணுவுக்குக் காத்து நிற்கும் கட்டத்தில்) நிற்க வேண்டும்.

கியூமுலஸ் விரியவே இல்லை என்றால் முதலில் ஹார்மோன் குப்பியைச் சந்தேகப்படுங்கள். விரிந்திருக்கிறது, ஆனால் போலார் பாடி குறைவு என்றால் வெப்பநிலை, பிஹெச், அல்லது மிகச் சிறிய ஃபாலிக்கிள்களை உறிஞ்சியது. முதிர்ச்சி விகிதம் நன்றாக இருந்தும் பிளாஸ்டோசிஸ்ட் வராவிட்டால்தான் கஷ்டம், விந்தணு, ஆயில், சினைப்பை பயணித்த நேரம் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும், மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் ஒன்றும் புரியாது. கோடையின் உச்சத்தில் எல்லாம் சரியாகச் செய்தும் விகிதம் இறங்கினால் ஆய்வகத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், வெப்ப அயர்ச்சி மாட்டின் ஃபாலிக்கிளுக்குள்ளேயே முட்டையைப் பாதித்திருக்கும்.

உயிருள்ள மாட்டிலிருந்து

நல்ல மரபு கொண்ட மாட்டிலிருந்து என்றால், பிறப்புறுப்பு வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, மலக்குடலில் விட்ட கையால் சினைப்பையைக் கருவியின் முனைக்குக் கொண்டுவந்து, திரையில் பார்த்தபடி ஊசியால் உறிஞ்சுவார்கள். 1988 முதலே மாட்டில் இந்த முறை இருக்கிறது. எபிடியூரல் மயக்கமருந்து கட்டாயம், செய்பவர் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும், இதைப் படித்துவிட்டுச் செய்யும் வேலை இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைகூட எடுக்கலாம். ஜெபு வகை (திமில் உள்ள) மாடுகளில் ஃபாலிக்கிள் எண்ணிக்கை ஐரோப்பிய இனங்களைவிட அதிகம், முட்டையும் அதிகம் கிடைக்கும். ஆனால் ஊசிக்குழாய் நீளம் என்பதால் மொட்டை முட்டைகள் கூடுதலாக வரும், ரத்தமும் கலந்து வரும், வடிகட்டியில் ஊற்றிக் கழுவிய பிறகே தேட முடியும். பண்ணையிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் நேரத்தையே முதிர்ச்சி நேரமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், முன்கூட்டியே வாயு ஏற்றி இறுக மூடிய குழாய்களில் போட்டுக் கையடக்க இன்குபேட்டரில் வைத்தால் போதும்.

எந்த வழியில் வந்த மாட்டு முட்டையாக இருந்தாலும் 24 மணி நேரம் தாண்டி இழுத்தடிக்காதீர்கள், 28, 30 என்று போனால் முட்டை மூப்படையத் தொடங்கும், விந்தணு நுழைந்தாலும் வளர்ச்சி சரியாக இருக்காது. அதனால் 21ஆம் மணி நேரத்திலேயே உறைவிந்தை உருக்கி, உயிருள்ள விந்தணுக்களைப் பிரிக்கும் வேலையைத் தொடங்குங்கள். கருத்தரிப்புத் தட்டு அதற்கும் முன்பே இன்குபேட்டரில் சமமாகியிருக்க வேண்டும். மாட்டு முட்டையின் கியூமுலஸை முழுதாக உரிக்காமல், அதோடேயே கழுவித் தட்டுக்கு மாற்றிவிட்டு, மில்லிக்கு ஏறத்தாழ 10 லட்சம் விந்தணு என்ற கணக்கில் சேருங்கள்.